மூன்று நூல் குறைவு

7

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடக் கிடையாது."

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஒரு துணிப்பையைச் சித்தியின் பக்கம் தள்ளினார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து.

பைக்குள் வெண்கலத்தில் இரண்டு துண்டுகள். சேர்த்து வைத்தால் சுமார் ஒரு அடியில் ஒரு தடித்த கம்பி, இரு முனையிலும் ஒவ்வொரு வளையம், நடுவில் சின்னதாக ஒரு நங்கூர முத்திரை. ஒரு வளையம் வாய் கிழிந்து பிளந்திருந்தது. சுக்கான் கை என்பார்கள். மேலே படகோட்டி சக்கரத்தைத் திருப்பினால் கீழே சுக்கானை இழுப்பது இதுதான். இது போய்விட்டால் சக்கரம் வெறும் அலங்காரம். ஐந்து நாளுக்கு முன்னால் அப்படித்தான் டாக்டரின் எண்பது வருஷத்து மரப்படகு முழு வேகத்தில் போய் அலைத்தடுப்புக் கற்களில் மோதியது. டாக்டர் இன்னும் கண் விழிக்கவில்லை.

அந்தப் படகைப் பார்த்துக்கொண்ட மிஸ்திரி உள்ளே, கம்பிக்குப் பின்னால். அவர் மனைவி வெளியே பெஞ்சில். எங்களைக் கூப்பிட்டது அந்த அம்மாதான்.

"கேஸ் ரொம்ப சிம்பிள் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் படகு செஞ்ச கம்பெனியை மூடி அம்பது வருஷம் ஆச்சு. ஒரு ஸ்க்ரூ வேணும்னாலும் தவம் கிடக்கணும். டாக்டர் எப்படியோ பழைய பார்ட்ஸ் வியாபாரிகிட்ட ஒரிஜினல் கை ஒண்ணு வாங்கி, மாட்டச் சொல்லி மிஸ்திரிகிட்ட குடுத்தார். இவர் ஒரிஜினலை அமுக்கிட்டு, தானே வார்த்த நகலை மாட்டிட்டார்."

"உடைஞ்சது நகல்னு யார் சொன்னது?"

"வித்தவரே வந்து பார்த்துட்டுச் சொன்னார். முத்திரையைப் பாருங்க, தேஞ்ச நாணயம் மாதிரி மழுங்கியிருக்கு. மிஸ்திரி பட்டறையில அச்சு இருக்கு, இன்னொரு நகலும் இருக்கு. வேற என்ன வேணும்?"

"மிஸ்திரி என்ன சொல்றார்?"

"'டாக்டர் குடுத்ததைத்தான் மாட்டினேன்.' அஞ்சு நாளா இந்த ஒரே வரி. நேத்துதான் கைது பண்ணினேன், இன்னைக்கு நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறேன். மோசடி, உயிருக்கு ஆபத்து, ரெண்டையும் எழுதறேன். உள்ளே போனா சீக்கிரத்துல வெளியே வர மாட்டார்."

நான் கிழியாத வளையத்தைத் தூக்கிப் பார்த்தேன். "சித்தி, இந்த ஓட்டை ஏன் வட்டமா இல்லாம முட்டை மாதிரி இருக்கு?"

சித்தி ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எதையோ பார்த்துவிட்டாள், இப்போதைக்குச் சொல்ல மாட்டாள் என்று அர்த்தம். இருபத்து மூன்று வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்த வாய் அது. திறக்க வேண்டிய நேரத்தில்தான் திறக்கும். என் வாய் அப்படியில்லை. லிப்ட் விற்கும் கம்பெனியில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளரிடம் மாடிப்படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் சித்திக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தது அப்படித்தான்.

சாட்சிப் பொருள் தனியாக வெளியே போகக் கூடாதாம். ஒரு மீசைக்காரக் காவலர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

வாசலில் மிஸ்திரியின் மனைவி எழுந்து வழி மறித்தார். "ஒரு ஆணி கோணலாப் போனாக்கூட ராத்திரி தூங்காத மனுஷன்ங்க அவர். அவர் பண்ணலேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"என்ன நடந்ததோ அதைத்தான் நான் சொல்வேன். பரவாயில்லையா?" என்றாள் சித்தி.

அந்த அம்மா சித்தியின் முகத்தையே பார்த்தார். "அதுதாங்க எனக்கும் வேணும்."

*

மிஸ்திரியின் பட்டறை படகுத்துறைக்குப் பின்னால், வார்னிஷ் நாற்றம் மூக்கைத் துளைக்கும் ஒரு தகரக் கொட்டகை. ஆனால் உள்ளே என் அம்மாவின் சமையலறையைவிட ஒழுங்கு. ஒவ்வொரு உளிக்கும் சுவரில் ஒரு இடம், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சீட்டு.

அலமாரியில் இன்ஸ்பெக்டர் சொன்னவை இருந்தன. சிவப்பு பெயின்ட் அடித்த மர அச்சு. அதிலிருந்து வார்த்த, பளபளக்கும் புதுக் கை. பக்கத்தில் படகில் முதலிலிருந்தே இருந்த பழைய கை. உப்புத் தண்ணீர் தின்று பச்சை பூத்து, தொட்டால் பொடி உதிர்ந்தது. அதைப் பார்த்து அளவெடுத்துத்தான் மிஸ்திரி அச்சு செய்திருக்கிறார்.

"எல்லாத்தையும் அள" என்றாள் சித்தி.

சுவரில் ஆணியில் ஒரு இரும்பு ஸ்கேல் தொங்கியது. எடுத்து முதலில் புதுக் கையை அளந்தேன். "ஒரு அடிக்கு ஒன்றரை நூல் குறைச்சல்."

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆசாரிகளும் மிஸ்திரிகளும் அதில்தான் பேசுவார்கள். ஒரு படகுக் கேஸுக்கு வருகிறோமே என்று நான் அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். சித்தி பாராட்டவில்லை. தன் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அதையே மறுபடி அளந்தாள்.

"சரியா ஒரு அடி."

"அதெப்படி? ஒரே சாமானுக்கு ரெண்டு நீளமா?"

சித்தி டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஸ்கேலில் ஒரு அடி என்று போட்டிருந்த கோடு டேப்பில் ஒரு அடியைத் தாண்டி நின்றது. சரியாக ஒன்றரை நூல்.

"போச்சு சித்தி. இந்த ஆள் ஸ்கேலையே ஏமாத்தி வச்சிருக்கார்!"

காவலரின் மீசை முதல் தடவையாக மலர்ந்தது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. காப்பாற்ற வந்த இடத்தில் கயிற்றை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சித்தி அவசரப்படவில்லை. பழைய கை, டேப்பில் ஒரு அடி. மர அச்சு, டேப்பில் ஒரு அடியும் ஒன்றரை நூலும். அந்தப் பொய் ஸ்கேலில் சரியாக ஒரு அடி. கடைசியாகக் காவலரின் பையை வாங்கி, உடைந்த துண்டுகளைப் பொருத்தி, நுனியிலிருந்து நுனிக்கு டேப்பை இழுத்தாள்.

"மூணு நூல் குறையுது."

பிறகு மேஜை ஓரத்தில் கிடந்த ஒரு உருட்டு அரத்தை எடுத்தாள். அதன் பல்லிடுக்கில் மஞ்சளாகத் தூள். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். இன்னொரு கிராம்பு வாய்க்குள் போனது.

"இந்த ஸ்கேலை எடுத்துக்கோ. வார்ப்புப் பட்டறைக்குப் போகணும்."

மணி ஒன்று ஐம்பத்தைந்து.

*

வார்ப்புக்காரருக்குப் புருவம் இல்லை. முப்பது வருஷ உலைச்சூடு அதைத் தின்றுவிட்டிருந்தது. நான் ஸ்கேலை நீட்டி, "இது பொய் ஸ்கேல்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டதும் அவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"பொய் ஸ்கேலா? என்கிட்டயே நாலு இருக்குங்க. உருக்கின வெண்கலம் ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒன்றரை நூல். அதனால அச்சை அந்த அளவுக்குப் பெருசா செய்யணும். ஒவ்வொரு தடவையும் யார் கணக்குப் போட்டுட்டு இருக்கறது? அதான் ஸ்கேலையே நீட்டி வச்சிருக்கோம்."

காவலர் எழுதியதை அடித்தார்.

"அந்த மிஸ்திரி அச்சு குடுத்தா கண்ணை மூடிட்டு வார்க்கலாம்," என்றார் வார்ப்புக்காரர். "ஆறி வரும்போது அளவு இம்மி பிசகாது."

"அச்சே செய்யாம, சாமானையே மண்ணுல அழுத்தி வார்த்தா?" என்றாள் சித்தி.

"சோம்பேறி வேலை. ஒன்றரை நூல் குட்டையா வரும், முத்திரையும் மழுங்கும்." அவர் நெற்றியைச் சுருக்கினார். "போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் வந்து நின்னார். கொளுத்தற வெயில்ல கோட்டு வேற. வெல்வெட் துணியில ஒரு சுக்கான் கையைச் சுத்திக் கொண்டுவந்து, 'அச்செல்லாம் வேணாம், இதையே அழுத்தி இன்னொண்ணு எடு'ன்னார். முடியாதுன்னு அனுப்பிட்டேன். வேற எங்கேயாவது போயிருப்பார்."

காவலர் தொண்டையைக் கனைத்தார். "மேடம்... அந்தப் பார்ட்ஸ் வியாபாரி எப்பவும் கோட்டுலதான் இருப்பார்."

"முடிஞ்சது!" என்று நான் கையைத் தட்டினேன். "ஒரிஜினலைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டு, அதிலேர்ந்து நகல் எடுத்து டாக்டர் தலையில கட்டிட்டான். அப்புறம் பழியைத் தூக்கி மிஸ்திரி மேல போட்டுட்டான். வா சித்தி, போகலாம்."

"ஒரிஜினல்லேர்ந்து எடுத்தா எவ்வளவு குறையும்?"

"ஒன்றரை நூல்."

"உடைஞ்சது எவ்வளவு குறையுது?"

"மூ..." என்று வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன்.

வார்ப்புக்காரர் துண்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒரு தடவை சுருங்கினது இல்லீங்க. ரெண்டு தடவை. நகலை அழுத்தி எடுத்த நகல் இது. ஒரிஜினலை வச்சிருக்கறவன் எதுக்கு நகலைப் போய் அழுத்தப் போறான்?"

வார்ப்புக்காரர் துண்டுகளைக் காவலரிடம் திருப்பிக் கொடுத்தார். பின்னால் உலை உறுமிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்ட ஒரே ஆளும் நழுவிவிட்டான். கடிகாரம் இரண்டு முப்பத்தைந்து காட்டியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

வண்டியில் ஏறும்போது சித்தி கேட்டாள். "டேய், ஒரு பெரிய மனுஷனைக் கோபப்படுத்தணும். முடியுமா?"

"அது ஒண்ணுதான் சித்தி எனக்குப் பிறவியிலேயே வரும்."

"நல்லது. அவர் கடையில எதை ரொம்ப ஒசத்தியா வச்சிருக்காரோ, அதைப் பார்த்துச் சிரி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

*

கடை முழுக்கப் பித்தளை. விளக்குகள், ஊதுகுழல்கள், மனிதன் உயரத்துக்கு ஒரு சக்கரம். எல்லாம் செத்துப்போன படகுகளிலிருந்து பிடுங்கியவை. கோட்டு வியாபாரி எங்களை நாற்காலி போட்டு உபசரித்தார்.

"பாவம் டாக்டர். மிஸ்திரியை நம்பினார். நான் என்னம்மா செய்ய முடியும்? என்கிட்ட இருந்த ஒரிஜினலைப் பெரிய மனசு பண்ணிக் குடுத்தேன்."

நான் எழுந்து வேடிக்கை பார்ப்பதுபோல் உள்ளறைக்குள் நுழைந்தேன். நடுவில் பூட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் மேல் தனியாக ஒரு விளக்கு. உள்ளே வெல்வெட் மெத்தையில் ஒரு சுக்கான் கை.

சிரித்தேன். லிப்ட் கம்பெனி முதலாளியின் மேடைப் பேச்சை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு தாராளமாக வந்தது.

"என்ன தம்பி?" கோட்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார். மிஸ்திரி பட்டறையில வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்துல கிடக்கற டூப்ளிகேட்டுக்கு இங்கே மெத்தை, விளக்கு எல்லாம் போட்டிருக்கீங்களேன்னு..."

"டூப்ளிகேட்டா?"

"அப்படிச் சொல்லாதடா," என்று அதட்டியபடி சித்தி வந்து கண்ணாடியில் குனிந்தாள். "மிஸ்திரி செஞ்சதுல முத்திரை இதைவிட நல்லா விழுந்திருக்கு. இது அதைவிட மட்டமான நகல்."

கோட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. "மட்டமான நகலா? அம்மா, முப்பது வருஷமா இது என்கிட்ட இருக்கு! இதைக் கேட்டு எத்தனை பேர் என் வாசல்ல நின்னிருக்காங்க தெரியுமா? இந்த மாடலுக்கு இன்னைக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒரு ஒரிஜினல் கை இதுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

சித்தி மெதுவாக நிமிர்ந்தாள். "ஒரே ஒண்ணா?"

கோட்டு பெட்டியின் பூட்டைத் தடவினார்.

"அது இங்கே மெத்தையில படுத்திருக்கு. அப்போ டாக்டருக்கு நீங்க பெரிய மனசு பண்ணிக் குடுத்தது என்ன?"

காவலரின் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோட்டு கைக்குட்டையை எடுத்தார். துடைத்தார். தைரியத்தைத் திரட்டிக்கொண்டார்.

"கோபத்துல நான் ஆயிரம் சொல்வேன். உடைஞ்சது இதிலேர்ந்து எடுத்த நகல்தான்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"பெட்டியைத் திறங்க."

திறந்தார். நகல் என்ற சொல் அவரை அவ்வளவு சுட்டிருந்தது. சித்தி டேப்பை இழுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். ஒரு அடிக்கு ஒன்றரை நூல் குறைவு.

பழைய கை ஒரு அடி. இது ஒன்றரை குறைவு. உடைந்தது மூன்று குறைவு. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரிஜினலை வச்சிருக்கறவன் எதுக்கு நகலை அழுத்தப் போறான்னு வார்ப்புக்காரர் கேட்டார்," என்றாள் சித்தி. "சரியான கேள்வி. தன்கிட்ட இருக்கறது நகல்னு தெரியாதவன்தான் அழுத்துவான். முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ உங்க தலையில கட்டினதை, நீங்க குட்டி போட வச்சு டாக்டர் தலையில கட்டியிருக்கீங்க. உடைஞ்ச கைக்குத் தாய் இதுதான். இந்த நீளத்துல வேற எங்கேயும் கிடைக்காது."

கோட்டு டேப்பையே வெறித்தார். போலீஸ், கேஸ், டாக்டர் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"நகலா... இதுவா..." என்று மட்டும் சொல்லிவிட்டு, தான் விற்க வைத்திருந்த ஒரு மாலுமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் எனக்கே பாவமாகப் போய்விட்டது. அப்புறம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் டாக்டர் ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

*

மணி மூன்று நாற்பத்தைந்து. காவலரின் நோட்டை இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். கோட்டு வியாபாரியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்குத் தயார் செய்திருந்த தாளை இன்ஸ்பெக்டர் குறுக்கே கிழித்தார்.

"மிஸ்திரியை விட்டுடலாம். சாட்சியா ஒரு வாக்குமூலம் மட்டும் போதும்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மிஸ்திரியை வெளியே கொண்டுவந்தார்கள். ஐந்து நாள் தாடி, வார்னிஷ் கறை போகாத விரல்கள். அவர் சந்தோஷப்படவில்லை. "டாக்டர் கண் முழிச்சாரா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. முட்டை மாதிரி நீண்டிருந்த ஓட்டை. அரத்தின் பல்லில் மஞ்சள் தூள். சித்தியின் காதருகில் போனேன்.

"சித்தி, அந்த ஓட்டை..."

"முதல்லேர்ந்தே தெரியும்."

"சொல்லாதே சித்தி. யாரும் கேக்கலே. இவங்க வீட்டுக்குப் போகட்டும்."

சித்தி வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மிஸ்திரி, ஒரே ஒரு கேள்வி. டாக்டர் குடுத்த கையை மாட்டும்போது, அது போல்ட்டுக்கு எட்டிச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சொல்லுய்யா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

மிஸ்திரி மனைவியைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"எட்டலேங்க. மூணு நூல் எட்டலே."

அந்த அம்மாவின் அழுகை நின்றது.

"ஒரிஜினல்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒரிஜினலைப் போய் யாராவது அளப்பாங்களா? எண்பது வருஷத்து மரம், படகுதான் உப்பி நகர்ந்திருக்கும்னு நெனச்சேன். அரத்தை எடுத்து ரெண்டு ஓட்டையையும் வெளிப்பக்கமா ராவி இழுத்து மாட்டினேன். ராவின இடத்துலதான் மெலிஞ்சு கிழிஞ்சிருக்கு." அவர் உடைந்த வளையத்தைத் தொட்டார். "ஒரிஜினல் கிடைக்கறதுக்கு முன்னாடி நானே வார்த்து வச்ச கை ஒண்ணு என் அலமாரியில இருந்தது. சரியா ஒரு அடி. படகு தப்பில்லேன்னு அது அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருக்கும். நம்ம செஞ்சதுதானேன்னு அதை எடுத்துக்கூடப் பார்க்கலே."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதினா உங்க மேலயும் கேஸ் வரும். மோசடி இல்லே, கவனக்குறைவு. ஜாமீன்ல இன்னைக்கே போயிடலாம். ஆனா கேஸ் கேஸ்தான். எழுதவா?"

"எழுதுங்க சார். அஞ்சு நாளா நான் சொன்ன வரியில பொய் இல்லே. ஆனா பாதிதான் சொன்னேன்."

அந்த அம்மா எழுந்தார். நேராகச் சித்தியிடம்தான் வருவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் பயந்தேன். அவர் சித்தியைத் தாண்டிப் போய்க் கணவருக்குப் பக்கத்தில் நின்றார். கோணிப்போயிருந்த அவர் சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"சீக்கிரம் எழுதிக்கோங்க சார்," என்றார். "நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டர் கண் முழிக்கும்போது இவர் பக்கத்துல இருக்கணும். இதை இவர் வாயாலதான் அவருக்குச் சொல்லணும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. இன்ஸ்பெக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.